"குரங்குல இருந்தா வந்தோம்?"னு யாராவது ஆரம்பிச்சா எப்படி பேசறது

சண்டே ஸ்கூல்ல ஆறு நாள் சிருஷ்டி படத்துக்கு கலர் அடிச்சுட்டு அப்புறம் காலேஜ்ல ஸூவாலஜி படிச்சவன் நான், அதனால பரிணாமமா படைப்பாங்கற இந்த சண்டைல ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிருக்கேன், பல தடவ நானே பேசிக் கெடுத்தும் வெச்சிருக்கேன். ஜெபக்கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது "தம்பி, நெசமாவே மனுஷன் குரங்குல இருந்து வந்தான்னு நம்புறியா"ன்னு ஒரு அண்ணன் கேப்பார் பாருங்க, அந்த எடத்துல என்ன பண்ணலாம்னு அடிபட்டுக் கத்துக்கிட்டத எழுதறேன்.

மொதல்ல, எடுத்த எடுப்புல ஃபாசில் பத்தி பேசாதீங்க. எதிர்ல இருக்கறவருக்கு எது கையவிட்டுப் போயிரும்னு பயம்னு கண்டுபிடிங்க. பேரு தான் பரிணாமம், உள்ள ஓடறது வேற கேள்வி. சிலருக்கு கடவுள் இருக்காரா இல்லையான்னு, சிலருக்கு வேதாகமத்துல ஒரு வரி ஆட்டம் கண்டா மிச்சமும் ஆடிருமோன்னு. ஆனா நெறைய பேருக்கு விஷயம் ஆதாம் தான். ரோமர் 5ல பவுல் "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும்" உலகத்துக்குள்ள வந்துச்சுன்னு எழுதறார் இல்லையா, இப்ப மனுஷன் வர்றதுக்கு கோடிக்கணக்கான வருஷம் முன்னாடியே டைனோசர் எல்லாம் செத்துக்கிட்டு இருந்துச்சுன்னா மரணம் பாவத்தோட சம்பளம் எப்படி ஆகும், ஆதாமே இல்லன்னா விழுந்தது யாரு, யாரும் விழலன்னா சிலுவை எதுக்குன்னு அவர் மனசுல ஒரு நூல் ஓடுது. அவர் காப்பாத்தறது சிலுவைய, நீங்க எலும்பக் காட்டிக்கிட்டு இருக்கீங்க. எப்படி முடியும்? அதனால "அண்ணே, இது உண்மையா இருந்தா உங்களுக்கு எது போயிரும்னு நினைக்கறீங்க"ன்னு நேரா கேட்டுருங்க. என் அனுபவத்துல அந்தக் கேள்விக்கு அப்புறம் சத்தம் பாதியா கொறையும்.

அடுத்தது கொஞ்சம் வரலாறு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, இது தான் எனக்கு ரொம்ப உதவுனது. "பூமிக்கு 6000 வருஷம், ஒரு நாள்னா 24 மணி நேரம், ஆதியில இருந்தே திருச்சபை இப்படித்தான் நம்புச்சு"ன்னு சொல்லுவாங்க. கணக்கு பழசு தான், அயர்லாந்து பிஷப் அஷர் 1650ல கிமு 4004 அக்டோபர் 23ன்னு தேதியே போட்டார். ஆனா அத ஒரு இயக்கமா ஆக்கி விஞ்ஞானம்னு பேரு வெச்சது ரொம்பப் பிந்தி.

1925ல அமெரிக்கால டென்னசி மாநிலத்துல டேட்டன்னு ஒரு சின்ன ஊர்ல, பள்ளிக்கூடத்துல பரிணாமம் சொல்லிக் குடுத்தார்னு ஸ்கோப்ஸ்ங்கற வாத்தியார் மேல கேஸ் நடந்துச்சு. பரிணாமத்த எதிர்த்து வாதாடுனவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூணு தடவ ஜனாதிபதி தேர்தல்ல நின்னவர், பழுத்த விசுவாசி. அவரையே சாட்சிக் கூண்டுல ஏத்தி ஸ்கோப்ஸ் பக்கத்து வக்கீல் டாரோ துருவித் துருவிக் கேக்கும்போது, ஆதியாகமத்து நாள் 24 மணி நேரமா இருக்கணும்னு அவசியம் இல்ல, நீண்ட காலமா இருக்கலாம்னு பிரையனே ஒத்துக்கிட்டார். அடுத்த அஞ்சாறு நாள்ல எறந்தும் போயிட்டார் பாவம். அன்னிக்கு பரிணாமத்துக்கு எதிரா நின்ன பெரிய தலையே பழைய பூமிய ஏத்துக்கிட்டவர்! இத ஒரு தடவ யூத் மீட்டிங்ல சொன்னப்ப எங்க அண்ணன் ஒருத்தர் "யாரு, பிரையனா?"ன்னு ரெண்டு தடவ கேட்டார்.

அப்போ 6000 வருஷம், நோவா காலத்து வெள்ளம் தான் எல்லாப் பாறையையும் படிய வெச்சுது, இதெல்லாம் எங்க இருந்து பெருசாச்சுன்னா, மொதல்ல ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ்னு ஒரு அட்வென்டிஸ்ட் சபைக்காரர் எழுதிக்கிட்டு இருந்தார், அப்புறம் 1961ல விட்கம்ப், மோரிஸ்னு ரெண்டு பேரு வெள்ளத்தப் பத்தி ஒரு தடி புஸ்தகம் போட்டாங்க, அது தான் பத்த வெச்சது. நேரமும் தோதா இருந்துச்சு, 1957ல ரஷ்யா ஸ்புட்னிக் விட்டதும் அமெரிக்கா பதறிப்போய் ஸ்கூல் சயின்ஸ் புஸ்தகத்த எல்லாம் புதுசா எழுதுச்சு, ரொம்ப நாளா அடக்கி வாசிச்ச பரிணாமம் அதுல முழுசா வந்துச்சு, அப்பாம்மாக்களுக்கு கோவம். நம்ம கைக்கு இன்னிக்கு வர்ற துண்டுப் பிரசுரத்துல இருக்கற வாதம் முக்காவாசி அந்த சண்டைல பொறந்தது தான்.

கத்தோலிக்கர் யாராவது இருந்தா ஒரு வரி போதும், 1950லயே போப் பனிரெண்டாம் பத்திநாதர் (பயஸ்) பரிணாமத்த ஆராயலாம்னு சொல்லிட்டார், 1996ல இரண்டாம் ஜான் பால் இது வெறும் அனுமானத்துக்கும் மேலன்னுட்டார்.

இப்ப வார்த்தைக்கு வருவோம். பாடப் புஸ்தகத்துல பரிணாமக் "கொள்கை"ன்னு போட்டுட்டாங்க, அது நமக்கு நாமே வெச்ச ஆப்பு. தமிழ்ல கொள்கைன்னா என்ன, கட்சிக் கொள்கை, உயிருள்ள வரை கொள்கை மாறமாட்டேன், இது தான. அப்போ "அது உங்க கொள்கை, இது எங்க கொள்கை"ன்னு அவர் சொன்னா தப்பே இல்ல. அதனால நான் அந்த வார்த்தையவே விட்டுட்டேன், "இது வரைக்கும் கெடச்ச தடயத்த எல்லாம் சேத்து வெச்சு பாத்தா வர்ற விளக்கம்"னு நீட்டி முழக்கித்தான் சொல்றேன். அதே மாதிரி "குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு"ங்கறதுக்கு படம் எல்லாம் போட வேணாம், பங்காளின்னு சொல்லுங்க. சிம்பன்சி நமக்கு தாத்தா இல்ல, பங்காளி, ஒரே கொள்ளுத்தாத்தா, 60, 70 லட்சம் வருஷம் முன்னாடி குடும்பம் பிரிஞ்சுது. பங்காளி வீடு இன்னும் ஏன் இருக்குன்னு நம்ம ஊர்ல யாரும் கேக்கமாட்டாங்க, வரப்புத் தகராறு வேணா கேப்பாங்க.

அப்புறம் ஒரு ஆபத்து இருக்கு. ஒரே மூச்சுல பத்து கேள்வி வரும், கண்ணு எப்படி வந்துச்சு, கார்பன் டேட்டிங் தப்பு, எல்லாம் சிதையும்னு சொல்ற தெர்மோடைனமிக்ஸ் விதி என்னாச்சுன்னு. ட்வேன் கிஷ்னு ஒரு அமெரிக்க படைப்புவாதி (பரிணாமம் இல்ல, கடவுள் நேரா படைச்சார்னு வாதாடறவர்) மேடைல இப்படி அடுக்கறதுல பேர் போனவர், இந்த உத்திக்கே அவர் பேர வெச்சுட்டாங்க. கேள்வி கேக்க அஞ்சு செகண்ட், பதில் சொல்ல அஞ்சு நிமிஷம், பத்துக்கும் ஓடுனா மூச்சு வாங்கி உக்காந்துருவீங்க. "பத்துல உங்களுக்கு ரொம்ப முக்கியமானது எது, அத மட்டும் பேசுவோம்"னு ஒண்ணப் புடிச்சுக்கோங்க, அவர் அடுத்ததுக்கு தாவுனா சிரிச்சுக்கிட்டே திரும்ப இழுங்க.

ஆதாரமும் ஒண்ணு போதும், ஆனா அத அடிமுடி வரைக்கும் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்றது டிக்டாலிக், மீனுக்கும் கால் வெச்ச பிராணிக்கும் நடுவுல நிக்கற ஒரு ஃபாசில். 38½ கோடி வருஷப் பாறைல மீன் இருக்கு, 36½ கோடி வருஷப் பாறைல கால் வெச்ச பிராணி இருக்கு, அப்போ நடுவுல உள்ளத எங்க தேடணும்னு நீல் ஷூபின்ங்கற விஞ்ஞானியோட குழு ஜியாலஜி மேப்ப விரிச்சு வெச்சு பாத்து, வடக்கு கனடால எல்ஸ்மியர் தீவுன்னு பனி கொட்டற எடத்துக்குப் போய், பல வருஷம் வெறுங்கையோட திரும்பி, 2004ல கண்டுபிடிச்சாங்க. 37½ கோடி வருஷம், மீன் செதில் இருக்கு, ஆனா கழுத்து இருக்கு, துடுப்புக்குள்ள மணிக்கட்டு மாதிரி எலும்பு இருக்கு. இன்ன காலத்துப் பாறைல இப்படி ஒண்ணு இருக்கணும்னு முன்னாடியே கணிச்சுட்டுப் போனாங்க பாருங்க, அது தான் எனக்கு அழகு. ஆனா "இது தான் நம்ம நேர் மூதாதை"ன்னு பெருமையடிக்காதீங்க, 2010ல போலந்துல இதவிடப் பழைய, நாலு கால் பிராணியோட கால்தடம் வெளிய வந்துச்சு, விஷயம் தெரிஞ்சவர் எதிர்ல இருந்தா அங்கயே மாட்டிக்குவீங்க. இதுவும் பங்காளி தான்னு சொல்லிட்டுப் போங்க.

உங்க பக்கத்து ஓட்டைய நீங்களே மொதல்ல சொல்லிருங்க. பில்ட்டவுன் மனிதன்னு 1912ல இங்கிலாந்துல ஒரு மண்டை ஓட்டக் காட்டி விஞ்ஞானிகளையே ஏமாத்துனாங்க, மனுஷ மண்டையும் ஒராங்குட்டான் தாடையும், வெளிவர 1953 ஆச்சு. வெளிய கொண்டு வந்ததும் விஞ்ஞானிகளே தான், ஆனா நாப்பது வருஷம் ஏமாந்தது ஏமாந்தது தான். நீங்க இத ஒத்துக்கிட்டா, "டார்வின் சாகும்போது மனந்திரும்புனார்"ங்கற கதைய அவரும் கீழ போடுவார். அந்தக் கதைய லேடி ஹோப்னு ஒரு அம்மா சொன்னதா 1915ல அச்சுல வந்துச்சு, டார்வின் போனது 1882, மரணப் படுக்கைல கூடவே இருந்த மக ஹென்ரியட்டா 1922ல அப்படி எதுவும் நடக்கலன்னு எழுதிட்டாங்க.

"டிசைன் பண்ணவர் ஒருத்தர் இருக்கணும்"னு வந்தா ஸ்கூல்ல இந்த டிசைன் வாதத்த கொண்டு வரலாமான்னு 2005ல அமெரிக்கால பென்சில்வேனியால நடந்த டோவர் கேஸ சொல்லலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1987ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் படைப்புவாதத்த ஸ்கூல்ல கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொன்னதும் ஒரு பாடப் புஸ்தகத்தோட கைப்பிரதில "படைப்புவாதிகள்"ங்கறத எல்லா எடத்துலயும் எடுத்துட்டு "டிசைன் ஆதரவாளர்கள்"னு மாத்திருக்காங்க, அவசரத்துல ஒரு எடத்துல பழைய வார்த்தையோட தலையும் வாலும் அப்படியே ஒட்டிக்கிட்டு நடுவுல புது வார்த்தை நிக்குது. கோர்ட்ல அது அப்படியே வந்துச்சு. ஆனா கிண்டலா சொல்லாதீங்க, எதிர்ல இருக்கறவர் அந்தப் புஸ்தகத்த எழுதல.

நடுவுல வேற ஒரு நண்பர் "எங்க தசாவதாரத்துலயே பரிணாமம் இருக்கு"ன்னு வந்தா அன்பா கேட்டுக்கோங்க, அந்த விளக்கத்த 1877லயே எழுதுனது பிளாவட்ஸ்கி அம்மா, பின்னாடி அடையாறுக்கு வந்து தியாசபி, அதாவது பிரம்மஞான சபை நடத்துனாங்களே அவங்க. அதுல இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குத் தோதானது பிழைச்சுப் பெருகறது, எங்கயும் இல்ல, ஆனா அன்னிக்கு அந்த சண்டையும் சேத்து இழுக்காதீங்க.

நாத்திக நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும், பரிணாமத்த வெச்சு "ஆகவே கடவுள் இல்ல"ன்னு முடிக்காதீங்க. அந்த ஆகவே பாறைல எழுதல, நீங்க ஒட்ட வெச்சது. அமெரிக்கால டார்வினுக்காக மொதல்ல வாதாடுன ஏசா கிரேங்கற தாவரவியல் விஞ்ஞானி ஒரு பிரஸ்பிடேரியன் சபை விசுவாசி. கேக்கறவர் காதுல அந்த ஆகவே விழுந்த நிமிஷம் டிக்டாலிக் எல்லாம் தண்ணிக்குள்ள திரும்பிப் போயிரும்.

எப்ப நிறுத்தணும்னா, சுத்தி ஆள் சேர ஆரம்பிச்சதும் நிறுத்திருங்க. கூட்டத்துக்கு முன்னாடி யாரும் மனசு மாறமாட்டாங்க, மானம் தான் பாப்பாங்க. தனியா வருவாங்க. யூத் மீட்டிங்ல "யாரு, பிரையனா?"ன்னு கேட்ட அந்த அண்ணன் மூணு வாரம் கழிச்சு பைக்க ஸ்டாண்ட் போட்டுட்டு நின்னு, "சரிடா, அப்போ ஆதாம்னு ஒருத்தர் இருந்தாரா இல்லையா"ன்னு மெதுவா கேட்டார். எனக்குத் தெரியலண்ணேன்னேன். "எனக்கும் அங்க தான்டா இடிக்குது"ன்னுட்டு ஹெல்மெட்ட மாட்டுனார்.