தலையை வழித்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் தருமபுரத்தில் இருந்து ஒரு தம்பி கிளிநொச்சியில் என் சலூனுக்கு வந்தார். கையில் பயணப் பை. "அண்ணை, பிளேட் போட்டுச் சுத்தமா வழிச்சு விடுங்கோ. இரவு பஸ் புக் பண்ணீட்டன், நாளைக்குக் கொழும்பில முடி நடுகினம்" என்றார். நான் கத்தியை எடுக்கவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு அவரோடு கதைத்தேன். நானும் ஒருகாலம் இதே வேலையைச் செய்துவிட்டுத்தான் போனேன்.

சிகரெட்டை நிறுத்துங்கள், மலிவைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். தலையை வழிப்பதா, விடுவதா என்ற இடத்தில் நடக்கும் பிழைகளைத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

வீட்டிலேயே வழித்துக்கொண்டு போவது

எனக்கு 2017இல் நாள் கிடைத்தது. ஒழுங்கு பண்ணித் தந்த ஏஜென்ட் போனில், "மொட்டை அடிச்சுக்கொண்டு வாங்கோ, அங்க நேரம் மிச்சம்" என்றார். டொக்டர் அதுவரை என் தலையை நேரில் பார்த்ததே இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்கள்தான். முதல்நாள் கடையைப் பூட்டிவிட்டு மிஷின் போட்டு, அதற்குமேல் பிளேட்டும் போட்டு நானே வழித்தேன். கண்ணுக்கு எட்டாத பிடரியில் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது.

காலையில் டொக்டர் விளக்கை இழுத்துப் பிடித்து, கையுறை போட்ட விரலால் பிடரியைக் கீழிருந்து மேலாகத் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்படியே கையை எடுத்துவிட்டார்.

எஃப்.யூ.ஈ. என்ற முடி நடும் முறையில், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வாயுள்ள துளைக்கருவியால் பிடரியில் இருந்து வேர்க்கட்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வெட்டி எடுக்கிறார்கள். ஒரு வேர்க்கட்டில் ஒன்று முதல் நாலு மயிர் இருக்கும். மயிர் எந்தச் சரிவில் வெளியே வருகிறதோ, அதே சரிவில்தான் கருவி இறங்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் உள்ளே வேர் அறுந்துவிடும். அந்தச் சரிவைக் காட்டுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் நிற்கும் கட்டை மயிர்தான். அதனால்தான் அங்கே அவர்களே மிஷினால் கட்டையாக வெட்டுகிறார்கள். பிளேட் வைப்பதில்லை. நான் வழித்தது அந்த அடையாளத்தைத்தான். வெட்டுக்காயம் கிருமி பிடிக்கவும் வழி.

கட்டை மயிர் மூன்று நாலு நாளில் திரும்ப வந்துவிடும். முன்பக்கம் அப்படியில்லை. எந்த மயிர் தடிப்பாக நிற்கிறது, எது மெலிந்து போய்க்கொண்டிருக்கிறது, உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, சீப்பால் இழுத்தால் வெளிப்பு எங்கே தெரிகிறது என்பதெல்லாம் மயிர் இருந்தால்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் நெற்றிக்கோட்டை எங்கே வைப்பது, எங்கே எத்தனை நடுவது என்று முடிவெடுக்கிறார்கள். பிடரியில் இருக்கிற கையிருப்பு அளவானது. எடுத்த வேர் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது. அதை ஊகத்தில் செலவழிக்கலாமா?

டொக்டர் மாட்டேன் என்றார். அவர் செய்தது சரி. எனக்கு முற்பணம் திரும்பி வரவில்லை, மூன்று நாள் கடை பூட்டு, போக வர 600 கிலோமீற்றருக்கு மேல் பஸ், மயிர் வளர்ந்து அடுத்த நாள் கிடைக்க மூன்று மாதம். அந்த ஏஜென்டின் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். தருமபுரத்துத் தம்பிக்கும் ஒரு ஏஜென்ட் அதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறார். கதிரையில் இருந்தபடியே அவரைக் கொண்டு நேரே கிளினிக்குக்கு எடுப்பித்தேன். "மயிரோட வாங்கோ, எண்ணெய் மட்டும் வைக்காதேங்கோ" என்று நேர்ஸ் சொன்னார். தம்பி மயிரோடு பஸ் ஏறினார்.

வழித்தால் தடிப்பாக வளரும் என்று நம்புவது

வளராது. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, பிளேட் அதைத் தொடுவதேயில்லை.

ஒரு மயிரும் வெட்டக்கூடாது என்று நிற்பது

எங்கட ஊரில் மொட்டையைக் கண்டால், "ஆர் செத்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டு வழிக்காமல் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. செய்யலாம். எடுக்கப்போகும் மயிரை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி வெட்ட வேண்டும். நேரமும் காசும் கூடும், ஒருநாளில் நடக்கூடிய எண்ணிக்கை குறையும். நடுகிற இடத்தில் பழைய மயிர் நெருக்கமாக நின்றால், அதன் வேரிலும் வெட்டுப்பட இடமுண்டு.

இடைவழி ஒன்று இருக்கிறது. பிடரியில் ஒரு பட்டை மட்டும் கட்டையாக வெட்டி, மேல் மயிரை அதன்மேல் இறக்கி மறைப்பது. அதற்கு மேல் மயிர் நீளமாக இருக்க வேண்டும். ஆகவே, இரண்டு மூன்று மாதம் சலூன் பக்கம் வராதீர்கள். என் வருமானம் போனாலும் இதைத்தான் சொல்வேன். கொஞ்சமாக நட இருப்பவர்களுக்கு இது நல்லாகப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் நட வேண்டியவர் கட்டையாக வெட்ட விடுவதே மேல். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். பிடரி சில கிழமைகளில் மூடிவிடும்.

வழிக்கத் தேவையில்லை என்பதற்காகவே தையல் முறையை எடுப்பது

எஃப்.யூ.டி. முறையில் பிடரியில் இருந்து ஒரு தோல் பட்டையை எடுத்துத் தைக்கிறார்கள். அந்தப் பட்டையில் மட்டும் வெட்டினால் போதும். தையலை மேல் மயிர் மறைத்துவிடும். ஆனால் காதுக்குக் காது கோடு மாதிரி ஒரு தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். நாளைக்கு அப்பாவுக்குக் கொள்ளி வைக்கத் தலையை வழித்தால், செத்தவீட்டுச் சனம் முழுக்க அதைத்தான் பார்க்கும். நீங்கள் மூத்த மகன் என்றால், இதை இப்போதே யோசியுங்கள்.

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கப் போவது

நட்ட மயிர் முதல் சில கிழமைகளில் கொட்டும். மூன்றாம், நாலாம் மாதத்தில்தான் முளைக்கத் தொடங்கும். நிறைய ஒரு வருடம் செல்லும்.

ஹெல்மெட்

நட்ட பிறகு, டொக்டர் சொல்லும் நாள்வரை ஹெல்மெட் போடாதீர்கள், மோட்டார் சைக்கிளையும் தொடாதீர்கள். சோளகக் காற்றில் கிரவல் றோட்டுப் புழுதி வேறு.

தழும்பை மறைப்பது

இதைச் சொல்லத் தயங்கினேன், ஆனால் எழுதத்தான் வேண்டும். எங்களில் எத்தனையோ பேரின் தலையில் 2009இலும் அதற்கு முந்தியும் சண்டையில் செல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறது. அதை மறைக்கவே மயிர் வளர்த்தவர்கள், வழிக்கிற பேச்சு வந்தவுடன் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். அல்லது கடைசிவரை டொக்டரிடம் சொல்லாமல் போய்ப் படுக்கிறார்கள். தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு. நட்டது பிடிப்பதும் குறையலாம். முதலில் சிலதை நட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை நடுகிற டொக்டர்மாரும் உண்டு. உள்ளே துண்டு இருந்தால், விறைப்பூசி போட முதலே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பகலில் கடையில் ஆட்கள் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு வாங்கோ. கதவைச் சாத்திவிட்டு, மயிரைச் சீப்பால் விலக்கித் தழும்பைப் படம் எடுத்துத் தருகிறேன். டொக்டரிடம் காட்ட அது போதும், வழிக்கத் தேவையில்லை.