ஏர்வே போட்டும் மாஸ்க்கில் காற்று போகவில்லையா?

பொது மயக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் நாக்கு, மெல்லண்ணம், குரல்வளை மூடி எல்லாம் பின்னால் சரிந்து வழியை அடைக்கும். மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையை அழுத்தினால் இறுக்கமாக இருக்கிறது, மார்பு எழும்பவில்லை. உடனே வாய்வழி ஏர்வே, அதாவது நாக்கைத் தாங்கிக் காற்றுவழியைத் திறந்து வைக்கும் வளைந்த கருவியை, வாய்க்குள் போடுகிறோம். அப்போதும் சரிவரவில்லை என்றால், “இது வேண்டாம், வேற டைப் குடுங்க” என்ற குரல் எழும். பெரும்பாலும் குறை டைப்பில் இல்லை, அளவில்.

அதிகம் புழங்குபவை இரண்டு. 1933இல் ஆர்தர் கெடல் அறிமுகப்படுத்திய கெடல் ஏர்வே குழாய் போன்றது, நடுவில் துளை. இன்னொன்றான பெர்மனில் நடுத்துளை கிடையாது. நடுவே ஒரு தகடு, இருபுறமும் திறந்த வாய்க்கால். சக்‌ஷன் (எச்சில், சளியை உறிஞ்சும்) குழாயை இரண்டிலும் விடலாம். ஒருவருக்கு 80 மி.மீ. கெடலைப் போட்டு, அப்புறம் 90 மி.மீ. பெர்மனுக்கு மாற்றி, “பெர்மன்தான் நல்லது” என்று முடிவுகட்டுவது ஒப்பீடே அல்ல. அங்கே மாறியது நீளமும்தான். தலை, தாடை நிலை மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அளவைப் பாக்கெட்டில் உள்ள எண்ணை வைத்துச் சொல்லாதீர்கள். ஒரு கம்பெனியின் 3 இன்னொன்றில் 4 ஆக இருக்கும். மி.மீ. பாருங்கள், பெரியவர்களுக்குப் பொதுவாக 80, 90, 100. ஏர்வேயைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள்: விளிம்பு முன்பற்களுக்கு நேராக இருந்தால், நுனி தாடை எலும்பின் கோணத்தைத் தொட வேண்டும். குட்டையானது நாக்கையே பின்னால் தள்ளி அடைப்பைக் கூட்டும். நீளமானது குரல்வளை மூடியை அழுத்திவிடும். ஏர்வே போட்ட பிறகு முன்பைவிட இறுக்கமானால், பையை இன்னும் பலமாக அழுத்தாமல் ஏர்வேயை எடுத்து வேறு நீளம் போடுங்கள்.

மயக்கம் ஆழமாகும் முன் அவசரப்பட்டு நுழைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிற தவறு. குமட்டல், வாந்தி, குரல்வளை இறுக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

பெரியவர்களுக்குத் தலைகீழாக நுழைத்து 180 டிகிரி திருப்புவது வழக்கம். குழந்தைகளுக்கு அப்படிச் செய்தால் அண்ணம் கிழியலாம். நாக்கை ஸ்பேட்டுலாவால் அழுத்திக்கொண்டு நேராகவே வையுங்கள். ஆடும் பல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். போட்டதும் கீழுதடு பல்லுக்கும் ஏர்வேக்கும் நடுவில் சிக்கியிருக்கிறதா என்று விரலால் ஒதுக்கிப் பார்க்க ஒரு நொடி போதும்.

ஏர்வே உள்ளே போய்விட்டது என்று தாடையை விட்டுவிடுபவர்கள் உண்டு. தாடையை முன்னே தூக்குவதை அது ஈடுசெய்யாது. ஒரு கையில் மாஸ்க் நிற்கவில்லை என்றால் கூச்சப்படாமல் இரண்டு கையாலும் பிடியுங்கள், பையை இன்னொருவர் அழுத்தட்டும். அழுத்தம் 20 செ.மீ. நீர் அளவைத் தாண்டினால் காற்று வயிற்றுக்குள் போகும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் ஒழுங்கான அலை வருகிறதா என்றும் பாருங்கள். ஆக்சிஜன் அளவு குறைந்து காட்டும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.