கிட்டாருக்கு டியூப் ஆம்ப் வாங்குவது எப்படி: அறையிலிருந்து தொடங்குங்கள்

டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த பிராண்ட் என்றுதான். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த அறையில், எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? வால்யூமை 1இல் வைத்தால் டியூப் ஆம்ப் தன் குணத்தைக் காட்டாது. பவர் டியூப்கள் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்ட டியூப்கள்) லேசாகத் திணறத் தொடங்கி, அவற்றை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் சேர்ந்து உழைக்கும்போதுதான் அந்தத் தடிமன் வரும். மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரத்தும் பேசும். மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் குமிழ்) இல்லாத பல ஆம்ப்களில் இது குமிழின் 4க்கும் 7க்கும் இடையில் நடக்கும். உங்கள் அறையில் அதுவரை திருப்ப முடியாத ஆம்பை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், அதன் நல்ல பாதியை நீங்கள் கேட்கவே போவதில்லை.

வாட் கணக்கு

கிட்டார் ஸ்பீக்கர்களின் திறனை ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் இத்தனை டெசிபல் என்று குறிப்பார்கள். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். வெறும் 1 வாட் கொடுத்தாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 5 வாட் கொடுத்தால் 104, 22 வாட் கொடுத்தால் 110, 100 வாட் கொடுத்தால் 117. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட்டுக்குப் பதில் 5 வாட் ஆம்ப் வாங்கினால் சத்தம் பத்தில் ஒன்றாகிவிடாது, பாதியாகத்தான் குறையும்.

அடுக்குமாடி வீட்டுக்கு 5 வாட்டே அதிகம். 1 வாட்டுக்கும் கீழே இறக்கும் சுவிட்ச் உள்ள சிறிய ஆம்ப் அல்லது நல்ல அட்டென்யூவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) தேவைப்படும். தனி வீட்டுக்கும் ரெக்கார்டிங்குக்கும் 5 முதல் 15 வாட் போதும். டிரம்ஸோடு பயிற்சி, மைக் வைத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் கொடுக்கும் மேடை என்றால் 15 முதல் 22 வாட். டிரம்ஸ் அடிக்கும் மேடையிலும் உடையாத க்ளீன் சத்தம் வேண்டும், அல்லது டிஸ்டார்ஷன் முழுவதையும் பெடலில் எடுத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு மட்டும் 40 வாட்டும் அதற்கு மேலும்.

மாஸ்டர் வால்யூம் இருந்தால் இந்தக் கவலை தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மாஸ்டரைக் குறைத்து கெயினை (முதல் கட்டப் பெருக்கத்தை) ஏற்றினால், கிட்டாரின் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் டியூப்கள் மட்டும்தான் டிஸ்டார்ட் ஆகும். அந்தக் கரகரப்பு இறுக்கமாக, கொஞ்சம் தேனீ ரீங்காரம் போல இருக்கும். கனமான ராக், மெட்டல் வாசிப்பவர்களுக்கு அதுவே வேண்டும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் தேடுவது பவர் டியூபின் அமுக்கத்தை. அது மாஸ்டரைக் குறைத்தால் வராது.

எந்தக் குடும்பம்

பெரும்பாலான ஆம்ப்களில் ப்ரீஆம்ப் டியூப் 12ஏஎக்ஸ்7தான். குணத்தைப் பிரிப்பது பவர் டியூபும், அதைச் சுற்றிய சர்க்யூட்டும், ஸ்பீக்கரும் சேர்ந்து.

6வி6, 6எல்6 அமெரிக்க வழி. ஃபெண்டர் சாம்ப்பில் ஒரே ஒரு 6வி6, 8 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 வாட். டீலக்ஸ் ரிவெர்பில் இரண்டு 6வி6, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 22 வாட். ட்வின் ரிவெர்பில் நான்கு 6எல்6, 85 வாட். பிளாக்ஃபேஸ் வகை (கறுப்பு முன்தகடு கொண்ட) ஃபெண்டர்களின் டோன் சர்க்யூட் நடு அலைவரிசையை வெட்டிவிடும். பளிச்சென்ற மேல் சத்தமும் உருண்ட கீழ் சத்தமும் நிற்கும். தனியாக வாசிக்க அது அழகு. இன்னொரு கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்தால் உங்கள் கிட்டார் காணாமல் போகலாம். அப்போது மிடில் குமிழை ஏற்றுங்கள். டீலக்ஸ் ரிவெர்பில் அந்தக் குமிழே இல்லை என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

இஎல்84 பிரிட்டிஷ் வழியின் ஒரு கிளை. வாக்ஸ் ஏசி15இல் இரண்டு, ஏசி30இல் நான்கு. இவற்றில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறை) கிடையாது. அதனால் க்ளீனிலிருந்து டிஸ்டார்ஷனுக்கு எல்லைக்கோடு தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். மேல் சத்தம் மணி அடிப்பது போல இருக்கும். கார்டு அடித்து வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான டியூப் இல்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் இந்தச் சிறிய டியூப்களை அவற்றின் உச்ச வரம்புக்கு அருகிலேயே ஓட்டுகிறார்கள். சூடு அதிகம், ஆயுள் குறைவு.

இஎல்34 இன்னொரு கிளை. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பின்பற்றியது. பின்னர் மார்ஷல்கள் இஎல்34க்கு மாறியபோதுதான் நாம் இன்று மார்ஷல் சத்தம் என்று சொல்லும் அந்த முன்னுக்கு நிற்கும் நடுக்குரல் முழுதாக வந்தது. 1975இல் வந்த 2203 மாடலில்தான் மாஸ்டர் வால்யூம். அதற்கு முந்தைய 100 வாட் தலைகளை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டிகளை) வீட்டில் வைத்து வாசிக்க ஆசைப்படாதீர்கள்.

வீட்டு மின்சாரத்தை ஆம்புக்குத் தேவையான நேர் மின்சாரமாக மாற்றுவது டியூப் ரெக்டிஃபையரா, டையோடா என்பதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். டியூப் ரெக்டிஃபையரில் அழுத்தி மீட்டினால் மின்னழுத்தம் சற்றுத் தொய்ந்து மீளும், விரலுக்குக் கீழே மெத்தைபோல உணர்வீர்கள். வேகமாக, துண்டுதுண்டாக வாசிப்பவர்களுக்கு டையோடு நல்லது.

ஸ்பீக்கர்

டியூப் மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் ஸ்பீக்கரை மறந்துவிடுகிறார்கள். ஒரு 12ஏஎக்ஸ்7க்குப் பதில் இன்னொரு கம்பெனியின் 12ஏஎக்ஸ்7 போட்டால் வரும் மாற்றத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். ஸ்பீக்கர் மாற்றினால் அடுத்த அறையில் இருப்பவரும் சொல்வார். செலஸ்டியன் கிரீன்பேக் 25 வாட், 98 டெசிபல். அதே கம்பெனியின் விண்டேஜ் 30, 60 வாட், 100 டெசிபல். இந்த 2 டெசிபல் வித்தியாசம், ஆம்பின் வாட்டை ஒன்றரை மடங்கு ஆக்கியதற்குச் சமம். சத்தம் போதவில்லை என்றால் பெரிய ஆம்ப் தேடும் முன் ஸ்பீக்கரின் டெசிபலைப் பாருங்கள். வீட்டுக்கு அதிகமாக இருக்கிறது என்றால் 95, 96 டெசிபல் ஸ்பீக்கரைப் போடுங்கள்.

ஸ்பீக்கரின் வாட் அளவு ஆம்பைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்கட்டும். 22 வாட் என்று எழுதிய ஆம்ப், முழுதாகத் திருப்பினால் டிஸ்டார்ஷனோடு 30 வாட்டைத் தாண்டக்கூடும். ஓம் அளவு ஆம்பின் பின்பக்கம் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை பேரலலில் இணைத்தால் 4 ஓம், சீரிஸில் 16 ஓம். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது சரியான அளவுதான்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது. சுமை இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே சுருளுக்குச் சுருள் தீப்பொறி பாய்ந்து எரிந்துவிடும். தலையையும் கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டியையும்) இணைக்க கிட்டார் கேபிளைப் போடுவதும் ஆபத்து. அதன் மெல்லிய கம்பி சூடேறி அறுந்தால் அதே கதிதான். ஸ்பீக்கர் கேபிளைத் தனியாக வாங்கி, அடையாளத்துக்கு வேறு நிற டேப் சுற்றி வையுங்கள்.

கடையில் சோதிப்பது

சொந்த கிட்டாரையும் சொந்த கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். பெடல் வேண்டாம். ஆம்பைப் போட்டு 15 நிமிடம் சூடேற விடுங்கள். எல்லா டோன் குமிழ்களையும் நடுவில் வைத்து, ரிவெர்பை அணைத்து, வால்யூமை 2இலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே வரியை வாசியுங்கள். எங்கே சத்தம் கூடுவது நின்று தடிமன் கூடத் தொடங்குகிறதோ, அதுதான் அந்த ஆம்பின் இடம். அந்த இடத்தில் கீழ் இ கம்பியை அழுத்தி அடியுங்கள். நின்று பேசுகிறதா, சேற்றில் கால் வைத்ததுபோல அமிழ்கிறதா? 12ஆம் கட்டுக்கு மேலே முதல் கம்பியில் வாசியுங்கள். அங்கே மெலிந்து ஊசிபோலக் குத்தினால், மேடையில் இன்னும் குத்தும்.

அடுத்தது, எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. கிட்டாரின் வால்யூமை 10இலிருந்து 5க்கு இறக்குங்கள். ஆம்பைத் தொடாதீர்கள். நல்ல ஆம்ப் தெளிவாகி, மேல் சத்தம் மங்காமல் அப்படியே இருக்கும். போர்வை போர்த்தியதுபோல மங்கினால், முதலில் கிட்டாரின் வயரிங்கைச் சந்தேகித்து வேறு கிட்டாரில் பாருங்கள். அதிலும் மங்கினால் அந்த ஆம்ப் வேண்டாம்.

ஒரு கார்டை அடித்து அது முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள். கடைசியில் மணல் உரசுவது போன்ற சத்தம் வந்தால் பயாஸ் (வாசிக்காதபோதும் பவர் டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) குறைவாக, டியூப்கள் குளிராக ஓடுகின்றன என்று பொருள். இரண்டு கம்பிகளை ஒன்றாக மீட்டி ஒன்றை இழுக்கும்போது, அடியில் சுருதிக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூன்றாவது சத்தம் உறுமினால், மின்சாரத்தைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் சோர்ந்துவிட்டன.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள். சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும், காது அப்படித்தான் ஏமாறும். காலடியில் ஆம்பை வைத்து நின்றபடி கேட்காதீர்கள். ஸ்பீக்கர் மேல் அலைவரிசைகளை நேராகச் சுடும், அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். நாற்காலியில் ஏற்றி வையுங்கள், அல்லது மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, அங்கே கேட்கும் சத்தத்தை வைத்து டிரெபிளைத் திருத்துங்கள். தூக்கியும் பாருங்கள். ட்வினும் ஏசி30உம் 30 கிலோவை ஒட்டியவை. மாடிப்படி ஏறும்போது அதுவும் தேர்வில் சேரும்.

பழைய ஆம்ப் என்றால்

வால்யூமை 0இல் வைத்துக் கேளுங்கள். அப்போதும் பெரிதாக இரைந்தால் ஃபில்டர் கெபாசிட்டர் அல்லது பொருந்தாத பவர் டியூப்கள். ஒற்றை பவர் டியூப் ஆம்ப்களில் லேசான இரைச்சல் இயல்பு. வால்யூமோடு சேர்ந்து இரைச்சல் ஏறினால் கோளாறு ப்ரீஆம்ப் பக்கம். ஒவ்வொரு ப்ரீஆம்ப் டியூபையும் மரப் பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டுங்கள். கிணற்றில் கல் போட்டதுபோல ஸ்பீக்கரில் எதிரொலித்தால் அந்த டியூபை மாற்ற வேண்டும். மலிவான வேலைதான், விலை பேச உதவும்.

விளக்கை அணைத்துப் பாருங்கள். இழையின் ஆரஞ்சு ஒளியும், கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீல ஒளியும் சாதாரணம். உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்தால் உடனே அணையுங்கள். பயாஸ் போய்விட்டது, அல்லது முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. டியூபின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது.

எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் (ஃபில்டர் கெபாசிட்டர்கள் இந்த வகைதான்) 15, 20 ஆண்டுகளில் உலர்ந்துவிடும். அதைவிடப் பழையதென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இரண்டு பின் ப்ளக்கோடு வரும் பழைய அமெரிக்க ஆம்பை அப்படியே மின்சாரத்தில் செருகாதீர்கள். முதல் வேலையாக எர்த் உள்ள மூன்று பின் கம்பி போட்டு, மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) போகும் கெபாசிட்டரை எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்குத் தெரிந்த டெக்னீஷியன் தேவை. அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும்.

230 வோல்ட்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ஆம்பை இந்தியாவிலோ இலங்கையிலோ நேராகச் செருகினால் நல்ல நாளில் ஃபியூஸ் போகும், கெட்ட நாளில் டிரான்ஸ்ஃபார்மர் போகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்பின் பின்தகட்டில் எழுதிய வாட்டைப்போல இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சுமையின் அளவு) இருக்கட்டும். ஆனால் அது வோல்ட்டை மட்டுமே மாற்றும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் நம் ஊரில் கூடுதலாகச் சூடேறும். தகட்டில் 50/60 என்று இருக்கிறதா பாருங்கள்.

மெயின்ஸ் ஏறினால் இழையின் 6.3 வோல்ட்டும் கூடவே ஏறும். 250 வோல்ட் வந்தால் அது 6.8ஐத் தாண்டி, பத்து சதவீத வரம்பைத் தொடப் போகும். உங்கள் தெருவில் மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கினால் சர்வோ ஸ்டெபிலைசர் வைப்பது டியூப்களுக்குச் செய்யும் நல்ல முதலீடு.

வாங்கிய பிறகு

கெயின் அதிகமாகப்பட்டால் முதல் ப்ரீஆம்ப் இடத்தில் 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 5751 அல்லது 12ஏஒய்7 போடுங்கள். பெருக்கம் 100இலிருந்து முறையே 70க்கும் 45க்கும் அருகே இறங்கும். பவர் டியூபில் இந்த விளையாட்டு கூடாது. 6வி6 இருந்த இடத்தில் 6எல்6 செருகினால் பொருந்தும், ஆனால் அதன் இழை 0.45 ஆம்பியருக்குப் பதில் 0.9 இழுக்கும், பவர் டிரான்ஸ்ஃபார்மர் திணறும்.

ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் (பயாஸைக் கையால் திருத்தி வைக்க வேண்டிய வகையில்) பவர் டியூப் மாற்றினால் பயாஸ் வைக்கச் சொல்லுங்கள். கணக்கு எளிது: டியூபின் உச்ச வரம்பில் 70 சதவீதம். 6எல்6ஜிசிக்கு 30 வாட், அதில் 21. டியூபுக்குள் இருக்கும் தகட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு டியூபுக்கு 46 மில்லி ஆம்பியர். டெக்னீஷியன் அளந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டுக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவும். சாம்ப், ஏசி15 போன்ற, பயாஸைத் தாமே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் ஆம்ப்களில் இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

வாசித்து முடித்ததும் உடனே தூக்கி வண்டியில் ஏற்றாதீர்கள். சூடான இழைக்கு அதிர்ச்சி ஆகாது. அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, அந்த நேரத்தில் கேபிள்களைச் சுற்றி முடித்துவிட்டு எடுங்கள்.