விட்டு விட்டுச் சுற்றும் புளோவர்: பழைய கெப் (பிக்கப்) வண்டியில் பழுது பிடிப்பது

கொழும்பில் ஹீட்டர் குமிழைத் தொடுபவர்கள் குறைவு. நுவரெலியா ஏறினால்தான் அது ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஹீட்டருக்கும் ஏசிக்கும் காற்று ஊதுவது ஒரே புளோவர்தான். அது நின்றால் மழை நாளில் முன் கண்ணாடி ஆவி பிடித்து வீதியே தெரியாது.

பள்ளத்தில் விழுந்தால் ஓடும், சிக்னலில் நின்றால் நின்றுவிடும் என்ற நிலைக்கு வந்ததும் பலரும் முதலில் மோட்டரைத்தான் மாற்றுகிறார்கள். பழுதோ பெரும்பாலும் சூடாகி உருகிய ஒரு பிளக்கிலோ, கறள் பிடித்த எர்த்திலோ (கரண்ட் வண்டியின் உலோக உடல் வழியே பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) இருக்கும். புது மோட்டரும் இரண்டு மாதத்தில் அதே கூத்தைக் காட்டும்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சுற்றும் சத்தம் வருகிறது, காற்று மட்டும் குறைகிறது என்றால் புளோவரில் பிழையில்லை. பெரும்பாலும் ஏசியின் குளிரூட்டும் கொயிலில் ஐஸ் கட்டியிருக்கும். ஏசியை நிறுத்திக் கால் மணி நேரம் பானை (விசிறியை) மட்டும் ஓட விட்டுக் காற்று திரும்பினால் அது ஏசிக்காரரின் வேலை.

சத்தமும் நின்றால், எந்த வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். 4இல் மட்டும் ஓடி 1, 2, 3இல் ஓடாவிட்டால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது, ஏனென்றால் முழு வேகத்தில் கரண்ட் ரெசிஸ்டர் வழியே போவதில்லை. மற்ற வேகங்கள் சரியாக இருந்து 4 மட்டும் இல்லையென்றால் சுவிட்சையோ, 4க்குரிய வயரையோ பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒன்றாக நின்றால் பியூஸ், ரிலே, மோட்டர், எர்த், இவற்றின் பிளக் ஆகியவற்றில் ஒன்று.

வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் கெப்களில் மோட்டர் இடப்பக்கம், குளோவ் பொக்ஸுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். பான் நின்றிருக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். பிளக்கைக் கழற்றாதீர்கள், கழற்றி மாட்டினாலே உள்ளிருக்கும் பின் (உலோக முனை) உராய்ந்து தற்காலிகமாகச் சரியாகிவிடும், தடயமும் போய்விடும். சாவியை ஓனில் வைத்து, சுவிட்சை 4இல் போட்டு, மல்டிமீட்டர் ஊசிகளைப் பிளக்கின் பின்பக்கமாக வயரோடு ஒட்டி உள்ளே செலுத்துங்கள்.

இரண்டு வயருக்கும் இடையே 12 வோல்ட் அளவு இருந்தும் சுற்றவில்லையா? குற்றவாளி மோட்டர். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். உடனே சுற்றினால் மோட்டருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இடையே வோல்ட் இல்லையென்றால் ஒவ்வொரு வயரையும் வண்டியின் பொடியோடு (உலோக உடலோடு) வைத்து அளக்க வேண்டும். பழைய ஜப்பான் கெப்கள் பலவற்றில் மோட்டருக்குப் பொசிட்டிவ் நேரே வரும், சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் வெட்டும். அதனால் இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால் எர்த் பக்கம் அறுந்திருக்கிறது. இரண்டிலும் ஒன்றுமில்லையென்றால் பியூஸ் அல்லது ரிலே பக்கம். இந்த இடத்தில்தான் பலரும் “கரண்ட் வருகிறதே” என்று ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். சந்தேகமிருந்தால் 21 வொட் பிரேக் பல்பை அதே இரண்டு வயருக்கும் இடையே இணையுங்கள். மங்கினால் வழியில் எங்கோ தடை.

கழற்றும் முன் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். பிளக்கில் பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் நீலம் பாய்ந்திருந்தால் சுத்தம் செய்வதால் பயனில்லை. சூடேறினால் அந்தப் பின் பிடிமானத்தை இழந்துவிடும். வயரைப் பளிச்சென்று செம்பு தெரியும் இடம்வரை வெட்டி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் புதிய டெர்மினலும் போட்டு இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவது பழையபடி சூடாகத்தான் வழி. காலி வீதி, மரைன் டிரைவ் பக்கம் நிற்கும் வண்டியென்றால் உப்புக் காற்று எர்த் போல்ட்டைத் தின்றிருக்கும். கழற்றி, பெயின்ட் போய் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு கிரீஸ் பூசுங்கள்.

ரெசிஸ்டர் காற்று ஓடும் குழாயிலேயே இருப்பது, அந்தக் காற்றாலேயே குளிர்வதற்காக. பான் இறுகினாலோ, கொயில் தூசியால் அடைந்தாலோ அது வெந்துபோகும். சூடு கூடினால் அறுந்துவிடும், ரெசிஸ்டரிலுள்ள சிறு தேர்மல் பியூஸை வயர் போட்டுக் குறுக்கே இணைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், மோட்டர் இறுகும் நாளில் கம்பி சிவந்து டாஷ்போர்டுக்கே தீ வைக்கும். அதே காரணத்தால்தான் பியூஸ் பெட்டி மூடியில் எழுதிய அம்பியருக்கு மேல் போடக் கூடாது.

மோட்டரைக் கழற்றியதும் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தானாகச் சில சுற்று ஓட வேண்டும். சட்டென்று நின்றால் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கிறது: தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி போதும். டபிள்யூ.டி. 40 அடித்தால் சில நாளில் மறுபடி காயும். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள வலையில் இலைகள் அடைந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். துளைகளின் இடைவெளி, தண்டின் நீளம், பிளக் மூன்றையும் ஒப்பிடுங்கள். கடையிலேயே பற்றரியில் கொடுத்துச் சுற்றும் திசையைப் பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றும் மோட்டர் இரைச்சல் போடும், காற்று குறைவாகவே வரும்.

பூட்டியதும் 4இல் இருபது நிமிடம் ஓட விட்டுப் பிளக்கைத் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாவிட்டால் அந்த இணைப்பை மறுபடி பிரிக்க வேண்டும்.