முதலுதவிப் பெட்டிக்குக் கட்டுத்துணி தேர்ந்தெடுப்பது எப்படி?

தம்பி கதவுக் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருந்தபோது அது நழுவி விழுந்து அவன் முன்கையைக் கிழித்துவிட்டது. வீட்டில் முதலுதவிப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் நிறைய பிளாஸ்டர், ஒரு பஞ்சுச் சுருள், ஒரு களிம்பு, குறுகலான ரோலர் பேண்டேஜ் இரண்டு. பஞ்சை வைத்துக் கட்டினேன். சிவந்தது. அதன் மேலேயே இன்னும் பஞ்சு, இன்னும் துணி. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் கட்டு தலையணை மாதிரி பருத்துவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த செவிலியர் அத்தனையையும் பிரித்துப் போட்டார். ஒரு காஸ் துணியை (வலை போல நெய்த மெல்லிய பருத்தித் துணி) மடித்து, ரத்தம் வரும் புள்ளியில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். நின்றுவிட்டது. "கட்டு பெரிசா இருந்து பிரயோஜனம் இல்லைங்க, அழுத்தம் அந்த இடத்துல விழணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, பெட்டியைக் காலி செய்து புதிதாக அடுக்கினேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். இது கையால் செய்து பார்த்தால்தான் பிடிபடும். ஆகவே வாய்ப்புக் கிடைத்தால் வகுப்புக்கும் போய்வாருங்கள். பெரிய காயம் என்றால் முதல் வேலை ஆம்புலன்ஸை அழைப்பது. மற்றதெல்லாம் அது வரும்வரைக்குத்தான்.

படி 1: இரண்டு பைகளாகப் பிரியுங்கள்

ரத்தத்தை நிறுத்தும் பொருள் வேறு, காயத்தை மூடிப் பாதுகாக்கும் பொருள் வேறு. கடையில் வரும் பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். பெரும்பாலும் இரண்டாவது வகைதான் நிறைந்திருக்கும். வளர்ந்த ஒருவர் உடலில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். அந்த நேரத்தில் பிளாஸ்டர்களுக்கு நடுவே துழாவிக்கொண்டிருக்க முடியாது. என்னிடம் இப்போது ஒரு சிவப்புப் பையும் ஒரு வெள்ளைப் பையும் இருக்கின்றன. சிவப்பில் களிம்போ மாத்திரையோ எதுவும் கிடையாது.

படி 2: காஸ் துணி (நான் தவறிய இடம்)

பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைக்காதீர்கள். இழைகள் காயத்துக்குள் ஒட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. வாங்க வேண்டியது கிருமி நீக்கம் செய்த காஸ் துணி. 10 × 10 செ.மீ. பொட்டலங்கள் பத்து, அத்துடன் நீளமான காஸ் சுருள் இரண்டு. 5 செ.மீ. சதுரங்களைச் சிவப்புப் பையில் நான் வைப்பதில்லை. பெரிய காயத்தில் அவை காணாமல் போய்விடும்.

துணி ரத்தத்தை உறிஞ்சுவதால் ரத்தம் நிற்பதில்லை என்பதுதான் எனக்கு அன்று தெரியாமல் போனது. ஓட்டம் தணிந்தால்தான் ரத்தம் உறைய முடியும். ஓட்டத்தைத் தணிப்பது அழுத்தம். தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு விரலை வைத்து அடைக்கலாம்; பெரிய துண்டைச் சுற்றினால் துண்டுதான் நனையும். நான் அடுக்கடுக்காக வைத்த பஞ்சு என் கையின் அழுத்தத்தை நாலா பக்கமும் சிதறடித்துவிட்டது.

சரி, எப்படி அழுத்துவது? ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். மடித்த காஸை அங்கே வைத்து, உடல் எடை இறங்கும்படி, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். பத்து நிமிடம். நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறைய ஆரம்பித்தது பெயர்ந்துவிடும். துணி நனைந்துவிட்டால் மேலே இன்னொன்று வையுங்கள். அதுவும் நனைந்தால் அழுத்தம் தவறான இடத்தில் விழுகிறது என்று பொருள். இரண்டையும் எடுத்துவிட்டு, புள்ளியைத் திரும்பத் தேடிப் புதிய துணியால் அழுத்துங்கள்.

காயம் ஆழமாக இருந்தால் மேலிருந்து அழுத்துவது போதாது. காஸ் சுருளின் நுனியை ரத்தம் வரும் இடம்வரை விரலால் உள்ளே தள்ளி, மடிப்பு மடிப்பாக இட்டு, குழி நிறைந்ததும் மேலே இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். சுருள் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். கை, கால், அக்குள், தொடை இடுக்குக்கு மட்டும் இது. நெஞ்சிலும் வயிற்றிலும் துணியைத் திணிக்கவே கூடாது. கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

படி 3: அழுத்தக் கட்டு

பத்து நிமிடத்துக்குப் பிறகும் கையை எடுக்க முடியாதே, அந்த அழுத்தத்தைத் தொடர்வதற்குத்தான் கட்டு. இதில் எனக்குப் பிடித்தது 'இஸ்ரேலி பேண்டேஜ்' என்று பரவலாக அழைக்கப்படும் வகை. பெர்னார்ட் பார்-நாட்டன் என்ற இஸ்ரேலிய ராணுவ மருத்துவ உதவியாளர் வடிவமைத்தது. பேடு, இழுபடும் பட்டை, அழுத்தம் தரும் பிளாஸ்டிக் கொக்கி மூன்றும் ஒன்றாகவே இருக்கும். 4 அங்குலம், 6 அங்குலம் என இரண்டு அகலங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 6 வாங்குங்கள். தொடைக்கு வாங்கியதைக் கைக்குச் சுற்றலாம், கைக்கு வாங்கியது தொடைக் காயத்தை மூடாமல் போகலாம்.

பேடைக் காயத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். பட்டையைக் கொக்கிக்குள் நுழைத்து, வந்த திசைக்கு எதிர்த்திசையில் இறுக்கி இழுங்கள். கொக்கி திரும்பிப் படுத்துக் காயத்தை அழுத்தும். அதன் மேலேயே மீதியையும் சுற்றி முடித்து, கடைசி நுனியில் உள்ள கொக்கியை மாட்டிவிடுங்கள். பயிற்சியில் நான் பேடைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டேன். கட்டு இறுக்கமாக இருந்தது, அழுத்தம் காயத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்று வீட்டில் செய்த அதே தவறு! எனவே இரண்டு வாங்கி, ஒன்றைப் பிரித்துப் பழகுங்கள். கட்டிய பிறகு அந்தக் கை அல்லது காலின் விரல் நகத்தை அழுத்திவிட்டு, பிடியை எடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கொஞ்சம் தளர்த்துங்கள்.

இது கிடைக்கவில்லையா? காஸ் வைத்து, அதன் மேல் பிரிக்காத ரோலர் பேண்டேஜ் உருண்டை ஒன்றைக் காயத்துக்கு நேராக வைத்து, 10 அல்லது 15 செ.மீ. கிரேப் பேண்டேஜால் இறுக்கிச் சுற்றுங்கள். அந்த உருண்டைதான் விரலின் வேலையைச் செய்யும்.

படி 4: டூர்னிக்கெட்

கையையோ காலையோ சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் பட்டை இது; இறுக்குவதற்கு அதில் ஒரு தண்டு இருக்கும். கை கால்களில், அழுத்தியும் நிற்காத அல்லது பீறிட்டு வரும் ரத்தத்துக்கு மட்டும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை தண்டைத் திருக வேண்டும். கடுமையாக வலிக்கும், வலிக்கத்தான் செய்யும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். பிறகு நீங்களாகத் தளர்த்தக் கூடாது, அது மருத்துவர் வேலை.

இதில் மலிவைப் பார்க்காதீர்கள். 'காட்' (CAT) என்ற டூர்னிக்கெட் வகைக்குப் போலிகள் ஏராளம்; திருகும்போது தண்டு வளைந்துவிடும், ஒட்டுப்பட்டை பிரிந்துவிடும். தயாரிப்பாளரிடமோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பழகுவதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பலமுறை திருகிய ஒன்றைப் பையில் வைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய 'ஸ்டாப் த பிளீட்' இயக்கத்தின் வகுப்புகளிலும் அழுத்துவது, காஸ் திணிப்பது, டூர்னிக்கெட் ஆகிய இவற்றைத்தான் பொதுமக்களுக்குக் கற்றுத் தருகிறார்கள்.

படி 5: ரத்தம் உறைய வைக்கும் காஸ்

கேயோலின் (ஒரு வகைக் களிமண்) அல்லது கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) சேர்த்த காஸ். இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. இதையும் திணித்து அழுத்தத்தான் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 3 நிமிடம், உறையில் எழுதியிருக்கும். தூளாகத் தூவும் வகையை நான் வாங்குவதில்லை. ஆரம்பத்தில் வந்த சியோலைட் என்ற கனிமத் துகள்கள் சூடேறித் தோலைச் சுட்டதுண்டு. நெஞ்சுக் காயத்துக்கான ஒட்டும் மூடி, பயிற்சி இல்லாதவர்களுக்கு வேண்டாம். அந்தக் காயத்தைக் காற்றுப்புகாமல் அடைத்தால் நிலைமை மோசமாகலாம்.

படி 6: வெள்ளைப் பை

ஒட்டாத பேடுகள், பாரஃபின் காஸ், துணி பிளாஸ்டர், காகித டேப், கழுவுவதற்கு சலைன், தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜ் ஒன்று. சிராய்ப்பைக் காயவிட்டால்தான் ஆறும் என்று நானும் நம்பியிருந்தேன். ஈரப்பதத்துடன் மூடிய காயம் வேகமாக ஆறுகிறது என்பதை ஜார்ஜ் விண்டர் 1962லேயே பன்றிகளிடம் செய்த ஆய்வில் காட்டிவிட்டார். தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர், அப்புறம் சமையலறை பிளாஸ்டிக் தாளை நீளவாக்கில் மேலே போர்த்துங்கள். இறுக்கிச் சுற்றக் கூடாது.

படி 7: உறையைப் படியுங்கள்

'ஸ்டெரைல்' (STERILE) என்ற சொல்லுடன் இ.ஓ. (EO) என்று இருந்தால் எத்திலீன் ஆக்சைடு வாயுவாலும், ஆர் (R) என்று இருந்தால் கதிர்வீச்சாலும் கிருமி நீக்கியது. மணற்கடிகாரக் குறி காலாவதி தேதி. குறுக்குக்கோடு போட்ட 2 என்றால் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். உறையில் சிறு ஓட்டை இருந்தாலும் அதைப் பழகும் குவியலில் போட்டுவிடுங்கள்.

பையின் மேலேயே நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, மழுங்கிய முனைக் கத்தரி ஒன்று. லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாது. தன்மேல் ஒட்டும் பேண்டேஜிலும் லேடெக்ஸ் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 1: சானிட்டரி நாப்கின் போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது உறிஞ்சத்தான் செய்யும், அழுத்தாது. எவ்வளவு ரத்தம் போகிறது என்பதையும் மறைத்துவிடும். சுத்தமான பருத்தித் துணியை மடித்து அழுத்துவது அதைவிட மேல்.

பிற்சேர்க்கை 2: காரில் வைத்த பெட்டியில் பிளாஸ்டரின் பசை உருகி, எலாஸ்டிக் தொய்ந்துபோயிருந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். என் கார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், அதே கதைதான். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

பிற்சேர்க்கை 3: கையுறையைப் போட்டுக்கொண்டு, கையை நனைத்துக்கொண்டு ஒரு காஸ் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள் என்று ஒரு வாசகி சொன்னார். செய்து பார்த்தேன். வழுக்கிக்கொண்டே போனது, கடைசியில் கத்தரியால்தான் பிரிக்க முடிந்தது. அன்றே கத்தரியைப் பையின் வாயோடு ஒரு கயிற்றில் கட்டிவிட்டேன்.