ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி சரியாக வளர்கிறதா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்விகள் இரண்டு. காது எப்போது நிமிரும்? சீக்கிரம் பெரிதாக என்ன கொடுக்கலாம்? முதல் கேள்விக்குக் கீழே பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியே தப்பு. இந்த இனத்துக் குட்டி நிதானமாக வளர வேண்டும். பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டி இருக்கும் குட்டி, முழுதாக வளர்ந்த ஆணாக 30 முதல் 40 கிலோ, பெண்ணாக 22 முதல் 32 கிலோ வரை எட்டுகிறது. அந்த எடையைத் தாங்கப்போகும் மூட்டுகள் முதல் ஒன்றரை வருடத்தில்தான் உருவாகின்றன.

1. வாங்கும்போதே வயதைச் சரிபாருங்கள்

பிறந்த குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. 10 முதல் 14 நாளில் கண் திறக்கும், அதை ஒட்டியே காதும் கேட்கத் தொடங்கும். மூன்றாவது வாரம் தள்ளாடி நடக்கும். பால்பல் எட்டிப் பார்க்கும். எட்டு வாரத்துக்குள் 28 பால்பற்களும் வந்துவிடும்.

நம் ஊரில் 30 நாள் குட்டியை 45 நாள், 60 நாள் என்று சொல்லி விற்பது உண்டு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். "ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்று சொல்லும் குட்டிக்குப் பின்பக்கப் பற்கள் இன்னும் முளைத்துக்கொண்டிருந்தால் வயது குறைவு என்று அர்த்தம். எட்டு வாரம் வரை தாயுடனும் கூடப்பிறந்த குட்டிகளுடனும் இருந்ததை வாங்குவதே நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

2. வாரம் ஒருமுறை எடை பாருங்கள்

குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஆண் குட்டிக்குத் தோராயக் கணக்கு: 2 மாதத்தில் 7–9 கிலோ, 3 மாதத்தில் 10–14, 4 மாதத்தில் 15–18, 6 மாதத்தில் 23–28. பெண் குட்டி ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு, மூன்று கிலோ குறைவாக இருக்கும். தாய் தகப்பனைப் பொறுத்து இது முன்பின் ஆகும். ஒரு கிலோ குறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம். எடை ஏறாமல் அப்படியே நின்றுவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும். தட்டைக் காலி செய்துவிட்டும் குட்டி மெலிந்துகொண்டே போய், வெளிறிய மலத்தை நிறையப் போட்டால் கணையக் கோளாறாக இருக்கலாம். இந்த இனத்தில் அது கொஞ்சம் அதிகம்.

3. விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள்

எடையைவிட இது முக்கியம். இரண்டு பக்கமும் விரல்களை வைத்து லேசாகத் தடவுங்கள். அழுத்தாமலே விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்புப் பக்கம் சற்று ஒடுங்கியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் "என்னங்க, சோறு போடறதில்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கொழுகொழு குட்டி பார்க்க அழகுதான், இடுப்பு மூட்டுக்குத்தான் ஆபத்து.

4. கால்சியம் சிரப்பை எடுத்து உள்ளே வையுங்கள்

காது நிமிர, எலும்பு தடிக்க என்று வாங்கும்போதே ஒரு பாட்டில் கால்சியத்தையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் பாக்கெட் உணவில் தேவையான கால்சியம் அளவோடு இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால், வளர்ந்த நாயைப் போல வேண்டாததைத் தள்ளிவிட இளம் குட்டியின் குடலுக்குத் தெரியாது. வந்ததை எல்லாம் உறிஞ்சும். குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறுவது அதனால் கெடுகிறது, கால் வளைகிறது.

வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்களுக்குக் கதை நேர்மாறு. வெறும் சோறும் எலும்பில்லாத கறியுமாக வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாது. அதிலும் எலும்பு பலவீனமாகி வளையும். எனவே வீட்டுச் சாப்பாடு என்றால் என்ன, எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அளவு உங்கள் குட்டிக்கு ஆகாது.

நான்கு மாதம் வரை தினம் மூன்று, நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும்.

5. பல்லையும் காதையும் சேர்த்தே கவனியுங்கள்

நான்கு மாத வாக்கில் தரையில் அரிசி அளவில் வெள்ளையாக ஏதாவது கிடந்தால் பயப்படாதீர்கள், அது முன்பல். கடிக்கும் பொம்மையில் ரத்தப் புள்ளி இருக்கும், வாயில் ஒரு மாதிரி வாடை வரும். பாதிப் பல்லை விழுங்கிவிடும், ஒன்றும் ஆகாது. ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். புதுக் கோரைப்பல் பக்கத்திலேயே பழையதும் விழாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காது நாடகம் நடப்பதும் இதே சமயத்தில்தான். சில குட்டிகளுக்கு இரண்டு மாதத்திலேயே நிமிரும், சிலவற்றுக்கு ஐந்து, ஆறு மாதம் ஆகும். திங்கட்கிழமை வலது காது நிற்கும், புதன்கிழமை அது சாய்ந்து இடது நிற்கும், அடுத்த வாரம் இரண்டும் நடுத்தலையில் முட்டிக்கொண்டிருக்கும். நன்றாக நின்ற காதும் பல் முளைக்கும் நேரத்தில் மடிவது சகஜம். காதைப் பிடித்து நீவிவிடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள், குருத்தெலும்பு நசுங்கும். பல் எல்லாம் முளைத்து முடிந்த பிறகும் தொங்கினால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். யூடியூப் பார்த்து டேப் ஒட்ட வேண்டாம்.

6. தரையைக் கவனியுங்கள்

டைல்ஸ் தரையில் ஓடும் குட்டியின் பின்னங்காலைப் பாருங்கள், திரும்பும்போதெல்லாம் வழுக்கி அகன்று போகும். அது இருக்கும் இடத்தில் பாய் அல்லது ரப்பர் மேட் விரியுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள். பெரிய இன நாய்களிடம் நார்வேயில் நடந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. மண்ணிலும் புல்லிலும் சுதந்திரமாக ஓடியவற்றுக்குக் குறைவு. மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பைக்குக்குப் பின்னால் ஓடவிடுவது அறவே வேண்டாம்.

ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, அடிபடாமலே திடீரென்று நொண்டலாம். இன்று முன்னங்கால், இரண்டு வாரம் கழித்துப் பின்னங்கால் என்று மாறி மாறி வந்தால் வளர்ச்சிக் கால எலும்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம், தானாகவே சரியாகும். ஆனாலும் எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்யுங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

7. ஒரு வயதுக்குப் பிறகு

உயரம் கிட்டத்தட்ட நின்றுவிடும்: ஆணுக்குத் தோள்வரை 60–65 செ.மீ., பெண்ணுக்கு 55–60. ஆனால் ஆண் நாய் இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கும். மார்பும் தலையும் அகல இரண்டு, மூன்று வயது ஆகும். குட்டி உணவிலிருந்து பெரிய நாய் உணவுக்கு மாற்ற 12 முதல் 18 மாதம் சரியான நேரம், ஒரு வாரம் எடுத்துக் கலந்து மாற்றுங்கள். இடுப்பு எக்ஸ்ரே எடுக்கவும் இதுதான் வயது. ஜெர்மனியில் 12 மாதம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் இனப்பெருக்கத்துக்கே அனுமதிக்கிறார்கள். இணை சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டு வந்தால் அவர்களுடைய நாயின் எக்ஸ்ரேயையும் கேளுங்கள்.