பங்கை விற்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்போது விற்பது என்பதைச் சொந்தமாக முதலீடு செய்பவர் தனியாகவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அப்போது நேரும் பெரிய தவறு, வாங்கிய விலையையே அளவுகோலாகக் கொள்வது. "போட்ட பணம் வந்தால் போதும், விற்றுவிடுவேன்" என்று காத்திருப்பவர், 50 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலையைத் தொட 100 சதவீதம் ஏற வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

யெஸ் பேங்க் பங்கை எடுத்துக்கொள்வோம். 2015-16 நிதியாண்டுக்கு அவ்வங்கி 749 கோடி ரூபாய் என்று காட்டிய வாராக்கடனை ரிசர்வ் வங்கி 4,926 கோடி என்று மதிப்பிட்டது. 2018 செப்டம்பரில், ராணா கபூரின் தலைமைப் பதவிக்காலத்தை 2019 ஜனவரியோடு முடித்துவைத்தது. அந்த ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் இருந்த பங்கு சரியச் சரிய, பலர் மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைத்தார்களே தவிர, வாங்கியதற்கான காரணம் இன்னும் நிற்கிறதா என்று கேட்கவில்லை. 2020 மார்ச் 6 அன்று அது வர்த்தகத்தினிடையே 6 ரூபாய்க்கும் கீழே போனது. போதாக்குறைக்கு, வங்கியை மீட்பதற்கான மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருந்தவர்களின் இருப்பில் 75 சதவீதம் மூன்றாண்டுகளுக்கு விற்க முடியாதபடி முடக்கப்பட்டது.

அதே மாதம் நடந்த நேர்மாறான தவறும் உண்டு. கொரோனா அச்சத்தில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 26,000-க்கும் கீழே முடிந்தபோது, தொழிலில் பழுதில்லாத நிறுவனங்களின் பங்குகளையும் பலர் பதறி விற்றார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் குறியீடு 47,000-ஐத் தாண்டிவிட்டது. விலை விழுந்ததா, வாங்கிய காரணம் விழுந்ததா என்று பிரித்துப் பார்ப்பதற்கு, வாங்கும் நாளிலேயே அக்காரணத்தை இரண்டு வரி எழுதி வைப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

லாபத்தில் உள்ள பங்கை அவசரமாக விற்று, நட்டத்தில் உள்ளதைக் கட்டிக்கொண்டிருக்கும் பழக்கத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மேன் என்ற ஆய்வாளர்கள் 1985-லேயே விளக்கிவிட்டார்கள். அப்பழக்கம் வரியிலும் பாதகமானது. 2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதமும், அதற்குப் பின் விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதமும் வரி. ஆனால் வரியை மிச்சப்படுத்துவதற்காகக் கெட்டுப்போன பங்கை வைத்திருப்பதும் தவறுதான். மிச்சமாவது லாபத்தில் ஒரு பகுதி, சரிவு தின்பது போட்ட பணத்தையும் சேர்த்து. நட்டத்தில் விற்றவர் உரிய காலத்தில் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், அவ்வாண்டு லாபத்தில் ஈடுசெய்ய முடியாத நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச்சென்று பின்வரும் மூலதன ஆதாயத்தில், அதாவது பங்கு போன்றவற்றை விற்று வரும் லாபத்தில், கழித்துக்கொள்ளலாம்.